மன்னிப்புப் பெற்ற பிறகும் மனம் ஏன் குத்திக்கொண்டே இருக்கிறது?

உப்பளத்து வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் வசிக்கும் கத்தோலிக்கப் பெண். என் பெயரைச் சொல்ல இப்போது துணிவில்லை. எனினும் விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு என் கணவரின் கடை நொடித்து, கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்ற நேரத்தில், உறவினர் திருமணத்திற்குப் போட்டுக்கொண்டு போவதாகச் சொல்லி என் அக்காவின் மூன்று சவரன் சங்கிலியை வாங்கி வந்து அடகுக் கடையில் வைத்தேன். சீக்கிரம் மீட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஏல நோட்டீஸ் வந்தபோது அதை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சங்கிலி ஏலத்தில் போயிற்று. அக்கா கேட்டபோது, கடலூரிலிருந்து திரும்பும் வழியில் பேருந்துக் கூட்டத்தில் யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னேன். அவள் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி விடு, உன் கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றாள். அதன் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. இப்போது அக்கா உப்பளம் கல்லறையில் இருக்கிறாள்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அதாவது குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிட்டேன். அவர் பாவமன்னிப்பும் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு தவக்காலத்திலும் மனம் அதே இடத்திற்குத் திரும்புகிறது. வேறு வேறு கோயில்களுக்குப் போய், வேறு வேறு குருக்களிடம் அதே பாவத்தை மீண்டும் சொல்லி வருகிறேன். கடைசியாகக் கேட்டவர், "அம்மா, இது மன்னிக்கப்பட்டுவிட்டது, இனி இதைச் சொல்ல வேண்டாம்" என்றார். ஆனாலும் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் என்னால் போய் நிற்க முடியவில்லை. அக்காவின் மகள் அதே கோயிலுக்குத்தான் வருகிறாள். பூசை முடிந்ததும் "சித்தி" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொள்ளும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

கடவுள் உண்மையாகவே மன்னித்துவிட்டார் என்றால் இந்தக் குத்தல் ஏன் போகவில்லை? மன்னிக்க வேண்டியவளே இறந்துபோன பிறகு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? இப்போது என் கையில் ஓரளவு பணம் இருக்கிறது. அதே எடையில் ஒரு சங்கிலி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அது மன்னிப்பை விலைக்கு வாங்குவதாக ஆகிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு ஆசிரியர் எழுதியது:

சகோதரி, நான் பள்ளியில் கற்பித்து ஓய்வுபெற்றவன். பங்கில் நெடுங்காலம் மறைக்கல்வி வகுப்பும் எடுத்திருக்கிறேன். குருவானவர் அல்லன் என்பதால் நான் சொல்வதை உங்கள் பங்குத்தந்தையிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இறந்துபோனவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை அதைச் சுற்றித்தான் நிற்கின்றன. திருப்பாடல் 51ஐ நாம் தவக்காலம் முழுவதும் செபிக்கிறோம். அதைச் சொன்னவராக மரபு காட்டும் தாவீது அரசர் எந்த நிலையில் இருந்தார் என்பதை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. அவர் தீங்கிழைத்த உரியா அப்போது உயிரோடு இல்லை. தாவீதே அவரைப் போர்முனையில் நிறுத்திச் சாகவைத்திருந்தார். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை, திருப்பிக் கொடுக்க வழியில்லை. அப்படிப்பட்டவரிடம்தான் இறைவாக்கினர் நாத்தான், ஆண்டவர் உம் பாவத்தை அகற்றிவிட்டார் என்று அறிவித்தார். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டதால் கடவுளின் மன்னிப்பு பாதியில் நின்றுவிடுமானால் தாவீதுக்கு அந்தச் சொல் கிடைத்திருக்கவே முடியாது. தவிரவும், கத்தோலிக்கரான நமக்குப் புனிதர்களின் உறவு ஒன்றிப்பில், அதாவது இறந்தவர்களோடு நமக்குள்ள உறவு அறுபடுவதில்லை என்பதில், நம்பிக்கை உண்டு. அக்காவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். கல்லறைக்குப் போய் நடந்ததை அவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று எவரும் நினைக்கமாட்டார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அங்கே வந்து நின்று பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, மன்னிப்பு உண்மையா என்ற ஐயம். ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், குருவானவர் தம் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்வதில்லை. கிறிஸ்து திருச்சபைக்குக் கொடுத்த அதிகாரத்தால் தீர்ப்பைச் சொல்கிறார். அந்தத் தீர்ப்பு உங்கள் மனநிலையைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. நம் இதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் கடவுள் நம் இதயத்தைவிடப் பெரியவர், அனைத்தையும் அறிபவர் என்று யோவானின் முதல் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது இதே துன்பத்தில் சிக்கினார். ஏற்கெனவே எழுதிவைத்து முழுமையாக அறிக்கையிட்டிருந்தும், ஏதோ விட்டுப்போயிற்று, சரியாகச் சொல்லவில்லை என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்கு அது முற்றியது. கடைசியில் கடந்தகாலப் பாவங்களை இனி அறிக்கையிடுவதே இல்லை என்று முடிவு செய்த பிறகுதான் அவர் விடுபட்டார். உங்களிடம் "இனிச் சொல்ல வேண்டாம்" என்று கூறிய குருவானவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. அதற்குக் கீழ்ப்படிவதுதான் இப்போது உங்களுடைய பரிகாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாவமன்னிப்புப் பெற்றவர் அந்தப் பாவத்தின் பொருட்டே நற்கருணையைத் தவிர்ப்பது தாழ்மையைப் போலத் தோன்றும். ஆனால் திருச்சபையின் தீர்ப்பைவிடத் தம் தீர்ப்பே மேல் என்று அதில் ஒருவர் தம்மையறியாமல் சொல்லிவிடுகிறார்.

சங்கிலியைப் பற்றி எழுதும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். சங்கிலி தொலைந்துபோனதாக நீங்கள் சொன்ன அந்தப் பேச்சால் உங்கள் அக்காவுக்கு வேறு எவரிடமாவது அவப்பெயர் வந்ததா?

காலாப்பட்டுக் காற்று எழுதியது:

கடவுள் மன்னித்தார், அக்காவும் அன்றே "சரி விடு" என்று சொல்லிவிட்டார். செத்துப்போனவருடைய நகைக்கணக்கை இப்போது கிளறுவதால் குடும்பத்தில் சண்டைதான் மிஞ்சும். அந்தப் பெண் உங்கள்மேல் வைத்திருக்கும் பாசத்தையும் இழப்பீர்கள். கிருபை என்பது இலவசம், நம்பிக்கையோடு மறந்துவிடுங்கள்.

முதுநகர் லுத்தரன் எழுதியது:

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். ஆகவே கல்லறையில் போய்ப் பேசுவது, இறந்தவருக்காகப் பூசை வைப்பது ஆகியவற்றில் ஆசிரியரோடு எனக்கு உடன்பாடில்லை. அதை இங்கே வாதிடப்போவதும் இல்லை. அவர் சொன்ன மற்றவற்றோடு நான் பெரிதும் ஒத்துப்போகிறேன் என்பதுதான் எனக்கே வியப்பு. இஞ்ஞாசியார் பட்ட அதே துன்பத்தை, அவருக்குச் சில ஆண்டுகள் முன்பாகவே ஜெர்மனியின் எர்ஃபர்ட் மடத்தில், எங்கள் சபையின் மூலவரான மார்ட்டின் லுத்தரும் பட்டார். மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்துவிட்டு, விட்டுப்போனது ஏதோ நினைவுக்கு வந்ததென்று மீண்டும் ஓடிவரும் அந்தத் துறவியை, உன்னையே பார்த்துக்கொண்டிராமல் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பிவிட்டவர் அவருடைய மடத்து மேலதிகாரியான ஸ்டாப்பிட்ஸ். எதிரெதிர் அணிகளுக்குத் தலைவர்களாக ஆன இருவருக்கும் நோய் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

காலாப்பட்டு நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை. கிருபை இலவசம் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அதை நம்புகிற சபையில்தான் பிறந்தேன். ஆனால் இலவசமாகக் கிடைத்த கிருபை, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் வீட்டில் என்ன செய்தது என்று பாருங்கள். லூக்கா 19ஆம் அதிகாரத்தில் நிகழ்ச்சிகளின் வரிசை முக்கியமானது. சகேயு ஒரு காசும் திருப்பிக் கொடுக்காத நிலையில், இயேசுவைப் பார்க்க ஏறிய காட்டத்தி மரத்திலிருந்து இன்னும் இறங்கக்கூட இல்லாத நிலையில், இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்று இயேசு சொல்லிவிடுகிறார். ஊர் முறுமுறுக்கிறது. அதற்குப் பிறகுதான், ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொல்லுகிறான். கொடுத்ததால் இயேசு வரவில்லை. இயேசு வந்ததால் கொடுத்தான். ஆகவே, சகோதரி, சங்கிலி வாங்கிக் கொடுப்பது மன்னிப்பை விலைக்கு வாங்குவதாகுமோ என்ற உங்கள் அச்சத்திற்கு இடமே இல்லை. மன்னிக்கப்படாதவராக நின்று கொடுத்தால்தான் அது விலை. மன்னிக்கப்பட்டவராகக் கொடுப்பது, பிறருடைய பொருளைப் பிறரிடம் சேர்ப்பது, அவ்வளவுதான்.

உரியவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் மோசேயின் நியாயப்பிரமாணத்தில் வழி இருக்கிறது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின்படி, பிறருக்குத் தீங்கு செய்தவர் தம் பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிச் செலுத்த வேண்டும். அதை வாங்குவதற்கு உரியவரின் இனத்தான் எவரும் இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனைச் சேரும். இனத்தான் இருந்தால் அவனுக்கே போக வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. உங்கள் அக்காவுக்கு மகள் இருக்கிறாள். மூன்று சவரன் என்றால் 24 கிராம். ஐந்தில் ஒரு பங்கு 4.8 கிராம். அந்தச் சட்டம் இன்று நம்மைக் கட்டுவதில்லை, எனவே கணக்கை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் அன்றைய விலையைப் பணமாகக் கொடுத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தங்கம் அன்று விற்ற விலை என்ன, இன்று விற்கும் விலை என்ன? எடைக்கு எடை கொடுப்பதே நேர்மை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் விடுதலை பெறாத மனிதன் அவன். மத்தேயு 27இல் அவன் மனஸ்தாபப்பட்டு முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வெளிப்படையாக அறிக்கையும் செய்கிறான். அவன் போய் நின்ற இடம்தான் தவறு. "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று கைவிரித்தவர்களிடம் போனான். பேதுருவோ இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்து மனங்கசந்து அழுதாலும் மற்றச் சீஷர்களை விட்டு விலகவில்லை. யோவான் சுவிசேஷத்தில் அவன் மறுதலித்தது கரிநெருப்புக்கு முன்னால். கலிலேயாக் கடற்கரையில் இயேசு அவனிடம் மூன்று முறை கேட்டதும் கரிநெருப்புக்கு முன்னால், மற்றச் சீஷர்கள் பார்த்திருக்கத்தான். வெட்கம் எந்த இடத்தில் உண்டானதோ அதே இடத்தில் அது எடுக்கப்பட்டது. நீங்கள் வேறு வேறு கோயில்களுக்குப் போய், முகம் தெரியாத குருக்களிடம் சொல்லிவருவது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களை நன்கறிந்த ஒருவரிடம் ஒரு முறை சொல்வது, அறியாத பலரிடம் பலமுறை சொல்வதைவிட வலிமையானது என்று நினைக்கிறேன். லுத்தர் எழுதிய விசுவாசப் பாடநூலான சிறிய ஞானோபதேசத்தில், நான் அறிவிக்கும் மன்னிப்பு தேவனுடைய மன்னிப்பே என்று விசுவாசிக்கிறாயா என்று போதகர் கேட்பார். கேள்வி விசுவாசத்தைப் பற்றியது. மனம் லேசாகிவிட்டதா என்று அவர் கேட்பதில்லை.

கோரிமேடு செவிலி எழுதியது:

நான் மனநலப் பிரிவில் பணியாற்றும் செவிலி. இறையியலுக்குள் நுழையாமல் என் துறையிலிருந்து சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

குற்றவுணர்வு எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை வைத்துக் குற்றம் எவ்வளவு பெரியது என்று அளக்க முடியாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கடற்கரை ஊர்களில், அலையில் கைநழுவிப்போன பிள்ளையை நினைத்துத் தங்களையே கொலைகாரிகள் என்று சொல்லிக்கொண்ட தாய்மார்கள் உண்டு. அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை; உணர்வு மட்டும் மலையளவு இருந்தது. இதற்கு நேர்மாறாக, பெருங்குற்றம் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே "இன்னும் குத்துகிறது, அதனால் இன்னும் மன்னிக்கப்படவில்லை" என்ற முடிவுக்கு உங்கள் உணர்வை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள்.

ஒரே பாவத்தைப் பல இடங்களில் சொல்வதும், சொன்னவுடன் சற்று நேரம் ஆறுதல் கிடைத்து மறுபடியும் ஐயம் எழுவதும், ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாக இருக்கக்கூடும். புண் ஆறிவிட்டதா என்று தினமும் கட்டைப் பிரித்துப் பார்ப்பவருக்குப் புண் ஆறுவதேயில்லை. இதற்கு மருந்தும் உண்டு, பேச்சு வழியான சிகிச்சையும் உண்டு. தூக்கம் கெட்டிருந்தால், சாப்பாடு குறைந்திருந்தால், வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒருமுறையாவது எட்டிப்பார்த்திருந்தால் தயங்காமல் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல என்று குருக்களே பலமுறை எங்களிடம் ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள்.

அக்காவின் மகளிடம் சொல்வது குறித்து மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நம் பாரம் குறைய வேண்டும் என்பதற்காக மட்டும் இன்னொருவர் தலையில் ஓர் உண்மையை இறக்கிவைப்பது எப்போதும் அன்பாகாது. தாயை இழந்த பெண். இருக்கும் சித்தியையும் இழந்தாளானால்? அவளுக்கு அதனால் என்ன நன்மை என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு முடிவு செய்யுங்கள்.

உப்பளத்து வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இப்போதுதான் பதில் எழுத முடிகிறது.

ஆம், அவப்பெயர் வந்தது. சங்கிலி அறுபட்ட கதையை அக்காவின் மாமியார் நம்பவே இல்லை. "பிறந்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துட்டு நாடகம் ஆடுறா" என்று அக்காவைத்தான் சொன்னார். அந்த வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் அந்தப் பேச்சு வரும். அக்கா என்னிடம் இதைச் சொன்னதில்லை. அக்கா மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். நகைப்பேச்சு வரும்போதெல்லாம், "உங்க அம்மா ஒழுங்கா இருந்திருந்தா உனக்கு மூணு சவரன் கூட இருந்திருக்கும்" என்று பாட்டி சொல்கிறாராம். அவள் என்னிடம் வந்து, "எங்கம்மா அப்படிச் செய்யமாட்டாங்கதானே சித்தி?" என்று கேட்டாள். நான் "செய்யமாட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நற்கருணை வரிசையில் நிற்பதை விட்டேன்.

அந்த அடகுச் சீட்டு இன்னும் என் செபமாலைப் பெட்டிக்குள் மடித்தபடி இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நெல்லித்தோப்பு ஆசிரியர் எழுதியது:

சகோதரி, இதைச் சொன்னதற்கு நன்றி. உங்களை வருத்த வேண்டும் என்று நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இப்போது விஷயம் தெளிவாகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459ஆம் எண்ணில், பாவமன்னிப்பு பாவத்தை அகற்றுகிறது, ஆனால் பாவம் விளைவித்த எல்லாச் சீர்கேட்டையும் அது சரிசெய்துவிடுவதில்லை என்று சொல்கிறது; திருடியதைத் திருப்பிக் கொடுப்பதையும் கெடுத்த நற்பெயரை மீட்டுத் தருவதையும் அங்கேயே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. உண்மைக்கும் நீதிக்கும் எதிராகச் செய்த குற்றத்திற்கு, செய்தவர் மன்னிக்கப்பட்டிருந்தாலும்கூட, ஈடுசெய்யும் கடமை உண்டு என்று 2487ஆம் எண் இன்னும் வெளிப்படையாகக் கூறுகிறது. மன்னிக்கப்பட்டிருந்தாலும்கூட என்ற அந்தச் சொற்களில்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. நீங்கள் மன்னிக்கப்பட்டவர், செய்ய வேண்டியது ஒன்று மீதி இருப்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதால்தான் உங்கள் மனம் குழம்பிப்போய், மீதியிருக்கும் கடமையின் குரலைக் கடவுளின் கோபம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

சங்கிலி சிறிய பங்கு. பொருளை மட்டும் சேர்ப்பதானால் பங்குத்தந்தை வழியாகப் பெயர் சொல்லாமல் சேர்ப்பிக்கும் வழக்கமும் திருச்சபையில் உண்டு. ஒப்புரவின் இரகசியத்தை எக்காரணத்தாலும் குருவானவர் வெளியிட முடியாது என்பதால் அது பாதுகாப்பானதும்கூட. ஆனால் பெயரில்லாமல் வரும் தங்கத்தால் உங்கள் அக்காவின் பெயர் துலங்காது. அவர் தம் கணவர் வீட்டில் பொய்க்காரி என்ற பேச்சோடு வாழ்ந்து இறந்திருக்கிறார். அந்தப் பேச்சு இப்போது மகளுக்குச் சீதனமாகப் போகிறது. அதை அகற்றக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

கோரிமேடு செவிலி எழுதியது:

நான் முன்பு எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இதனால் நன்மை உண்டு. தன் தாய் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வதைவிட அவளுக்கு வேறென்ன வேண்டும்? சொல்லத்தான் வேண்டும். கணவரையோ, நம்பிக்கையான ஒரு தோழியையோ முன்கூட்டியே தயார்ப்படுத்தி வையுங்கள். சொல்லிவிட்டு வரும் நாளில் தனியாக இருக்காதீர்கள்.

மஞ்சக்குப்பம் மருமகள் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெரியவர்கள் எல்லாம் வேதத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்; நான் மாமியார் வீட்டில் வாழும் ஒரு பெண்ணாகச் சில நடைமுறை விஷயங்களைச் சொல்கிறேன், அக்கா.

முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லுங்கள். பாட்டி இருக்கும்போது முதல்முறையாக அவள் கேட்கக் கூடாது. கோயில் வளாகத்தில் சொல்லாதீர்கள், அழுவதற்கு இடம் இருக்காது. உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். எங்கள் கஷ்டம், கடை நொடித்தது, கடன்காரர்கள் என்று தொடங்கினால் அவள் உங்களுக்காக இரக்கப்பட வேண்டியவளாகிவிடுவாள். "உன் அம்மா பொய் சொல்லவில்லை, பொய் சொன்னது நான்" என்பதையே முதல் வாக்கியமாக வையுங்கள். அடகுச் சீட்டை அவள் கையில் கொடுங்கள். அது ஏன் உங்களிடம் இன்னும் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்களே, ஒருவேளை இதற்காகவே இருக்கலாம். அவள் அப்போதே மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோபப்பட்டால் கோபப்படட்டும், சில மாதம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். மன்னிப்பது அவளுடைய உரிமை, அதற்கு நேரம் குறிப்பது நம் வேலை இல்லை.

பாட்டி விஷயம்தான் கடினம். அவரிடமும் நீங்களே நேரில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணைத் தூது அனுப்பக் கூடாது. அவர் எப்படியும் நாலு வார்த்தை சொல்லத்தான் போகிறார். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன், பிறந்த வீட்டு ஆளுங்க" என்றுகூடச் சொல்வார். அதற்குப் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் அக்கா அத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார், நீங்கள் ஒரு நாள் கேட்டுக்கொள்ளலாம். வரன் வீட்டார் முன்னிலையில் மட்டும் வேண்டவே வேண்டாம். நிச்சயத்துக்கு முன்பாகக் குடும்பத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

முதுநகர் லுத்தரன் எழுதியது:

மஞ்சக்குப்பம் சகோதரி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற விரும்பவில்லை. சங்கிலியை அதே நாளில் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். உண்மையோடு தங்கமும் வந்தால், வாயடைக்கக் கொடுத்தது போல இருக்கும். உண்மை முதலில் போகட்டும். தங்கம் பிறகு போகட்டும்.

உப்பளத்து வாசகி எழுதியது:

படித்தேன். பயமாக இருக்கிறது, ஆனால் இதுவரை இருந்த பயம் வேறு, இது வேறு. என் கணவரிடம் நேற்று இரவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்குச் சங்கிலி அடகு வைத்தது தெரியும். அக்காவிடம் நான் சொன்ன பொய் தெரியாது. அவரும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆசிரியர் ஐயாவிடம் கடைசியாக ஒரு சந்தேகம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறாரே. அப்படியானால் அக்கா மகளிடம் சொல்லி முடித்த பிறகுதான் நான் நற்கருணை வாங்க வேண்டுமா, அல்லது இந்த ஞாயிறே வாங்கலாமா?

நெல்லித்தோப்பு ஆசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி. ஈடுசெய்வேன் என்ற உறுதியான மனம் இருப்பதைத்தான் திருச்சபை பாவமன்னிப்புக்குக் கேட்கிறது; ஈடுசெய்து முடித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. இல்லாவிட்டால் கடனைத் தவணையில் அடைக்கும் ஏழை ஒருவர் பல ஆண்டுகள் நற்கருணை இல்லாமல் இருக்க வேண்டிவரும். உங்கள் மனத்தில் அந்த உறுதி இப்போது இருக்கிறது என்பது நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. ஆகவே இந்த ஞாயிறே வாங்கலாம். அந்தப் பெண்ணைச் சந்திக்கப் போவதற்கான பலம் அங்கிருந்துதான் வர வேண்டும், போய்வந்ததற்கான பரிசாக அது வருவதில்லை.

மத்தேயு நற்செய்தியின் அந்தப் பகுதி உங்களுக்குத் தரும் எச்சரிக்கை வேறு. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போ என்பதில் அவசரம் இருக்கிறது. காரணமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் அந்த உறுதி உறுதியாக இராது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்பாக ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். ஞாயிறு பூசைக்கு முன்பு உங்கள் சொந்தப் பங்குத்தந்தையைப் பார்த்து அந்த நாளை அவரிடம் சொல்லுங்கள். மீண்டும் பாவசங்கீர்த்தனமாக வேண்டாம், அலுவலக அறையில் உட்கார்ந்து ஒரு தகவலாகச் சொன்னால் போதும். சந்தேகம் மீண்டும் தலைகாட்டினால் வேறு கோயிலுக்குப் போகாமல் அவரிடமே போங்கள்.